கத்துக்குட்டி ஆட்டம்

ஜபல்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. மகள் ப்ளஸ் ஒன் சேர்ந்த வருடம். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. ஆகவே மனைவி, மகள், அம்மா மூவரும் திருநெல்வேலியிலேயே இருக்க, நான் மட்டும் ஒரு சூட்கேஸ், ஒரு இண்டக்ஷன் அடுப்பு, மூன்று பாட்டில் ஊறுகாயோடு மத்தியப் பிரதேசத்துக்கு வண்டி ஏறினேன். வங்கி உத்தியோகத்தில் இதெல்லாம் சகஜம், புலம்பவில்லை. ஆனால் சாயங்காலம் ஏழரை மணிக்குக் கிளையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால், இனி எங்கே போவது என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதற்கு எந்த சர்க்குலரிலும் பதில் கிடையாது.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் சதர் பஜார் பக்கம் ஒரு மாடியில் இருந்த பூல் பார்லர். முன்னால் இரண்டு பூல் மேஜைகள், அவற்றைச் சுற்றி எப்போதும் காலேஜ் பையன்கள். பின்னால் ஓர் அரையிருட்டு அறையில், பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு கிழட்டு ஸ்னூக்கர் மேஜை. அதற்கு ஆள் வருவது அபூர்வம்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன். கேரம் போர்டில் பத்து வருடம் போரிக் பவுடர் தின்ற விரல் இது. காலேஜ்களுக்கு இடையே நடக்கும் போட்டி வரை போயிருக்கிறேன். (பி.காம். மூன்று வருடத்தில் உருப்படியாகக் கற்றது கேரமும் டபுள் என்ட்ரியும்தான்.) நமக்குக் கேரம் என்றால் ஒரு திமிர் உண்டு. சென்னைக்காரர் மரியா இருதயம் உலகச் சாம்பியனாகி, 1996-இல் கேரமுக்காக அர்ஜுனா விருதே வாங்கி வந்தாரே! அதனால் பூல் மேஜையைப் பார்த்ததும், பச்சைத் துணி போட்ட பெரிய கேரம் போர்டுதானே என்று நினைத்துவிட்டேன். கோணம் பார்க்கத் தெரியும், குஷனில் அடித்துத் திருப்பத் தெரியும், வேறு என்ன வேண்டும்?

முதல் இரண்டு மாதம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மீசை முளைக்காத பையன்கள் என்னைத் தோற்கடித்துவிட்டு "அங்கிள், ஒன் மோர்?" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒற்றைப் பந்தைக் குழியில் போடுவதில் நான் அவர்களுக்குக் குறைந்தவன் இல்லை. ஒன்று போடுவேன். சில சமயம் பிரமாதமாகவே போடுவேன். அடுத்து அடிக்க எதுவுமே இருக்காது. வெள்ளைப் பந்து போய் எங்கேயாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பார்லரில் ஒரு மார்க்கர் இருந்தார். எழுபதை நெருங்கிய மனிதர். மேஜையைப் பிரஷ் செய்வது, பந்து அடுக்குவது, ஸ்கோர் சொல்வது, காசு வாங்குவது எல்லாம் அவர்தான். அப்பாவும் மார்க்கராம், கன்டோன்மென்ட்டில் ஒரு ஆபீசர்ஸ் மெஸ்ஸில். எல்லோரும் சாச்சா என்பார்கள். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, இன்னொன்றில் புரை. ஆடுவதை விட்டுப் பல வருடம். மூன்றாவது மாதம் ஒரு மழை நாள், கடையில் யாரும் இல்லை. என் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்தியில் சொன்னார்: "மேனேஜர் சாப், நீங்கள் போகிற பந்தையே பார்க்கிறீர்கள். அது போய்விட்டது. இருக்கிற பந்தைப் பாருங்கள்."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. கேரமில் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றாலும் கவலை இல்லை. குழியில் விழாமல் இருந்தால் போதும், எடுத்து மறுபடி கோட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடிக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். பூலில் அப்படி இல்லை. வெள்ளைப் பந்து நின்ற இடம்தான் அடுத்த அடி. இன்றைய முடிவிருப்புதான் நாளைய தொடக்க இருப்பு. இருபது வருடமாக இதைத் தினமும் செய்கிறவனுக்கு இது தெரியவில்லை பாருங்கள்! யோசித்தால் பூலுக்கு அண்ணன் கேரம் இல்லை, கோலிக்குண்டு. அதில் அடித்த குண்டு எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்தது. சின்ன வயதில் அதை நன்றாக ஆடியவர்கள் எல்லோருமே, எதிராளி குண்டை அடிப்பதோடு தன் குண்டு எங்கே நிற்கும் என்றும் பார்த்து ஆடியவர்கள்தான்.

அப்புறம்தான் இந்த விளையாட்டின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சரித்திரம் எனக்குப் பாடமாக வந்ததில்லை, ஆகவே வாத்தியார்கள் மன்னிக்கவும். படித்ததில் முதல் ஆச்சரியம், நான் தோற்றுக்கொண்டிருந்த இதே ஊரில்தான் ஸ்னூக்கர் பிறந்தது என்பது.

வருடம் 1875. ஜபல்பூரில் டெவன்ஷயர் ரெஜிமென்ட் முகாம் போட்டிருக்கிறது. மழைக்காலம். இந்த ஊர் மழையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லவே வேண்டாம். வெளியே போக வழியில்லாமல் இளம் அதிகாரிகள் மெஸ்ஸில் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றியே கிடக்கிறார்கள். அதில் ஒருவர் நெவில் சேம்பர்லின், வயது 19. (ஹிட்லரோடு மூனிச்சில் ஒப்பந்தம் போட்ட பிரதமர் இவர் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.)

அப்போது மெஸ்களில் ஆடியது பெரும்பாலும் காசு வைத்து ஆடும் ஆட்டங்கள். பூல் என்ற பெயரே அதுதான். எல்லோரும் பணம் போட்டு நடுவில் சேர்க்கிற பொதுப் பந்தயத் தொகைக்குப் பூல் என்று பெயர். பிரெஞ்சில் கோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சிட் ஃபண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தள்ளு கிடையாது. லைஃப் பூலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். உங்கள் பந்தை யாராவது குழியில் போட்டால் ஒரு உயிர் போச்சு, பணம் கட்டு. பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தில் முக்கோணமாக அடுக்கிய 15 சிவப்புப் பந்துகள். பிளாக் பூலில் கூடுதலாக ஒரு கறுப்புப் பந்து. சேம்பர்லின் செய்தது இவற்றை ஒன்றாகக் கலந்ததுதான். பிரமிட்ஸின் 15 சிவப்பை எடுத்தார், பூலின் நிறப் பந்துகளைச் சேர்த்தார், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மதிப்பு வைத்தார். மஞ்சள், பச்சை, பிங்க், கறுப்பு முதலில். பிரவுனும் நீலமும் பிறகு வந்து சேர்ந்தவை.

பெயர் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெஸ்ஸுக்கு விருந்தாளியாக வந்த ஓர் இளம் பீரங்கிப்படை அதிகாரி, தான் படித்த வுல்விச் ராணுவ அகாதமியில் முதல் வருட மாணவர்களை ஸ்னூக்கர் என்று கேலி செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் சொன்னால் கத்துக்குட்டி. கொஞ்ச நேரத்தில் ஒருவர் குழி வாசலில் இருந்த பந்தைத் தவறவிட, சேம்பர்லின் அவரை ஸ்னூக்கர் என்று கிண்டல் செய்தார். அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே அப்படித்தான், ஆட்டத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிடலாம் என்று சமாளித்தாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஓர் ஆடிட் குறிப்பு. இதையெல்லாம் சேம்பர்லின் எழுதி வெளியிட்டது 1938 மார்ச்சில், 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில். அப்போது அவருக்கு 82 வயது. 63 வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியது. எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வவுச்சர் வந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். ஆனால் அதே காலத்தில் இந்தியாவில் இருந்த மற்ற பழைய அதிகாரிகளும் அவர் சொல்வது சரிதான் என்று எழுதினார்கள். அடுத்த வருடம் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கென்ஸி இதைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிறகு பொதுவாக எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சேம்பர்லின் ஆப்கன் யுத்தத்தில் காயம்பட்டுத் திரும்பி, சென்னை ராணுவத்தின் தளபதி ஃபிரெடெரிக் ராபர்ட்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். வெயில் காலம் வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்குப் பெட்டி கட்டிவிடுமே, தளபதியும் போவார், கூட இவரும். ஊட்டி கிளப்பில் இந்த ஆட்டம் பிடித்துக்கொண்டது. 1882-இல் அங்கேதான் விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். 1885-இல் இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தார். கல்கத்தாவில் கூச்பிஹார் மகாராஜாவோடு நடந்த விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். ஜபல்பூரில் பிறந்து ஊட்டியில் பெயர் பதிவாகிக் கல்கத்தா வழியாகக் கப்பல் ஏறிய ஆட்டம். மூன்று மாற்றல்! :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் தேடியது ஆட்டம் எங்கே பிறந்தது என்பதை அல்ல. இதில் மனிதர்கள் எப்படித் தேறினார்கள் என்பதைத்தான். அதற்கு ஜபல்பூரை விட்டு இன்னும் எழுபது வருடம் பின்னால் போக வேண்டும், பிரான்சுக்கு.

அந்தக் காலத்துக் கியூ வெறும் மரக்கழி. நுனியில் ஒன்றும் கிடையாது. நடு மையத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி அடித்தால் வழுக்கிவிடும். அதனால் எல்லோரும் நட்ட நடுவில் மட்டும் அடித்தார்கள். நடுவில் அடித்தால் வெள்ளைப் பந்து போகிறபடி போகும், நாம் ஒன்றும் சொல்ல முடியாது. ஃபிரான்சுவா மேங்கோ என்று ஒரு பிரெஞ்சு ராணுவக் கேப்டன். அரசியல் காரணத்துக்காகச் சிறையில் போட்டார்கள். அந்தச் சிறையில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. 1807 வாக்கில் அவர் கழியின் நுனியில் ஒரு சிறு தோல் துண்டை ஒட்டினார். அவ்வளவுதான். தோல் பந்தைக் கவ்வியது. கீழே அடித்தால் வெள்ளை திரும்பி வந்தது, மேலே அடித்தால் பின்தொடர்ந்து ஓடியது, பக்கவாட்டில் அடித்தால் குஷனில் பட்டு வேறு கோணத்தில் போனது. தண்டனை முடிந்தபோது, ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டார் என ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, வெளியே வந்து அவர் காட்டிய அடிகளைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது உண்மை.

தோல் மட்டும் போதாது, அதுவும் வழுக்கும். இங்கிலாந்தில் பாத் நகரத்து பில்லியர்ட்ஸ் அறையில் ஜாக் கார் என்று ஒருவர். கவனியுங்கள், அவர் மார்க்கர்! பக்கவாட்டுச் சுழற்சியின் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது. டிப்பில் சாக் பூசினால் பிடிமானம் கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனால் எப்படி அடிக்கிறாய் என்று கேட்டவர்களிடம் அடியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் இந்த சாக்கின் மகிமை என்று சொல்லி, சின்ன டப்பாக்களில் அடைத்து 'ட்விஸ்டிங் சாக்' என்று விற்றார். வாங்கிப் போனவர்கள் பூசிப் பார்த்தும் பந்து திரும்பவில்லை. அறிவை விற்காமல் சாக்பீஸை விற்றவர். இன்றைக்கு நாற்பதாயிரம் ரூபாய்க் கியூ வாங்கினால் ஆட்டம் வந்துவிடும் என்று நம்புகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜாக் காரின் ஞாபகம் வரும்.

மேஜையும் பந்தும் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரப்பலகை போய் ஸ்லேட் கல் வந்தது, பஞ்சும் துணியும் திணித்த குஷன் போய்ப் பதப்படுத்திய ரப்பர் வந்தது, இரண்டும் 1820-களிலிருந்து 1840-களுக்குள். பந்து யானைத் தந்தத்தில். ஒரு தந்தத்தில் நாலைந்து பந்துதான் தேறும். யானை அழிவது கண்டு (யானைக்காக அல்ல, வியாபாரத்துக்காக) 1863-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று மாற்றுப் பொருளுக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. அதைத் துரத்திப் போன ஜான் வெஸ்லி ஹயாட்தான் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார். நம் சினிமாச் சுருளுக்குப் பாட்டன் இந்தப் பந்து.

அதைவிட எனக்கு முக்கியமானது 1835. கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை பில்லியர்ட்ஸ் பந்து பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வங்கக் கடலில் புயல் ஏன் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று டிவியில் சொல்லும்போது ஒரு விசையின் பெயர் வருமே, அதே கொரியோலிஸ். அவர் கணக்கை நான் புரிந்துகொண்டேன் என்றால் பொய். ஆனால் அதிலிருந்து கிளம்பிவந்து இன்று ஆட்டக்காரர்கள் கையாளும் இரண்டு மூன்று விஷயங்கள் பி.காம். மூளைக்கும் ஏறும்.

நடுவில் அடிபட்ட வெள்ளைப் பந்து உடனே உருள்வதில்லை. முதலில் துணி மேல் சறுக்கிக்கொண்டு போகும். துணி உரச உரசத்தான் உருள ஆரம்பிக்கும். பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு மேலே அடித்தால் மட்டும் முதல் கணத்திலிருந்தே உருளும். இப்போது, சறுக்கிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை போய் இன்னொரு பந்தில் நேராகப் பட்டால், அங்கேயே செத்தாற்போல் நின்றுவிடும். சாய்வாகப் பட்டால், அடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில், விலகிப் போகும். உருளத் தொடங்கிய பிறகு பட்டால் கதை வேறு. நேராகப் பட்டால் பின்னாலேயே ஓடும். பாதிப் பந்தை ஒட்டிச் சாய்வாகப் பட்டால், வந்த வழியிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரியில் திரும்பும். பட்ட இடம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் அந்தக் கோணம் அதிகம் மாறுவதில்லை.

இவ்வளவுதான். பட்ட பிறகு வெள்ளை எங்கே போகும் என்பது அதிர்ஷ்டம் இல்லை, அடிக்கும் முன்னேயே சொல்லிவிடலாம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மாதமாக நான் விதி என்று நினைத்து நொந்துகொண்டது எல்லாம் என் கியூ பட்ட இடத்தின் பலன்!

இதை வைத்து வாழ்க்கை நடத்தியவர்கள் உண்டு. ஜோ டேவிஸ் 1927-இல் முதல் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார், பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். 1946 வரை 15 பட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. வலது கண் சரியில்லை அவருக்கு. இடது கண்ணுக்கு நேர் கீழே கியூவை வைத்து ஆடினார். ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, மறுபடி சிவப்பு என்று வெள்ளையைக் கறுப்பைச் சுற்றியே கட்டிப்போட்டு ஆடுகிற முறை அவர் கையில்தான் தேறியது. பில்லியர்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம், 1932-இல் அதே ஜோ டேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் 4,137 புள்ளி எடுத்தார். மூன்று பந்தையும் ஒரு உள்ளங்கை அகலத்தில் வைத்துக்கொண்டு தாலாட்டுவது போல் நகர்த்திக்கொண்டே போவாராம். பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டி, அவரை அடக்கவே விதியை மாற்றினார்கள். ஒருவன் ரொம்பத் தேறிவிட்டால் நிர்வாகம் என்ன செய்யும் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் உதாரணம் கிடைக்கும்.

நம் நாட்டுக் கதை 1958-இல் தொடங்குகிறது. புனேயில் 1922-இல் பிறந்த வில்சன் ஜோன்ஸ், கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். எந்த விளையாட்டிலும் இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சாம்பியன் அவர்தான். எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு முன் உலகப் போட்டிகளுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர். 1964-இல் மறுபடி வென்றார். தேசியப் பட்டம் பன்னிரண்டு. 1996-இல் துரோணாச்சாரியா விருது. பிறகு மைக்கேல் ஃபெரீரா, 1977, 1981, 1983. ஸ்னூக்கரில் 1984-இல் டப்ளினில் ஓம் அகர்வால். 1992 உலகத் தொழில்முறைப் போட்டியில் 1,276 புள்ளி எடுத்த கீத் சேத்தி (அவர் எம்.பி.ஏ., நம் காமர்ஸ் பக்கத்து ஆள்!). 2003-இல் 18 வயதில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற பெங்களூரின் பங்கஜ் அத்வானி, அப்புறம் எடுத்த உலகப் பட்டங்கள் இருபத்தைந்துக்கும் மேல். 2025 நவம்பரில் தோஹாவில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரனுக்கு. அந்தச் செய்தியைப் படித்தபோது தனியாக அறையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

இந்தப் பட்டியலில் மார்க்கர்கள் இல்லை. நாம் படிக்கிற சரித்திரத்தில் அவர்கள் வருவதே இல்லை. 1875 மழையில் அந்த மெஸ்ஸிலும் பந்து அடுக்கிக் கொடுக்க, துணிக்கு இஸ்திரி போட (ஆமாம், மேஜைத் துணிக்கு இஸ்திரி போடுவார்கள்), ஸ்கோர் சொல்ல யாராவது நின்றிருப்பார்கள் அல்லவா? கிளப்களில் ஜோடி கிடைக்காத துரைக்கு எதிராளியாக ஆடியது மார்க்கர்தான். புதிதாக வந்த அதிகாரிக்குக் கியூ பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் மார்க்கர்தான். வேலை நேரம் முழுக்க மேஜையின் பக்கத்தில் நின்றுகொண்டு, வெள்ளைப் பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்த மனிதர்கள். பெயர் பதிந்தது, விதியில் கையெழுத்துப் போட்டவருக்கு.

சாச்சா எனக்குக் கொடுத்த பயிற்சியில் பாட்டிங்கே கிடையாது. வாரத்தில் நான்கு நாள், அரை மணி, பின் அறையில் அந்தக் கிழட்டு மேஜையில். முதல் ஒரு மாதம் வெள்ளைப் பந்து மட்டும். நேராக அடித்து, எதிர்க் குஷனில் பட்டு, திரும்பி வந்து கியூ நுனியிலேயே பட வேண்டும். எழுதுவது சுலபம். முதல் நாள் ஐம்பது தடவையில் நான்கு. முழங்கை வெளியே போகிறது, அடிக்கும் கணத்தில் தலையைத் தூக்குகிறேன், இரண்டும்தான் வியாதி. கண் சரியாகத் தெரியாதவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? "சத்தம் சொல்கிறது" என்பார். இரண்டாம் மாதம் ஸ்டாப் ஷாட். வெள்ளை நின்ற இடத்தில் சாக்கால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் வரை அடுத்த பாடம் இல்லை. மூன்றாம் மாதம்தான் கீழே அடித்துத் திரும்ப வைப்பது.

நான் ஒரு நோட்டுப் போட்டேன், பழக்க தோஷம். இடது பத்தியில் தவறியது, வலது பத்தியில் காரணம். மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. தவறியவற்றில் பெரும்பாலானவை கஷ்டமான அடிகள் இல்லை. சுலபமான அடி ஒன்றைப் போட்டுவிட்டு, வெள்ளையைக் கவனிக்காமல் விட்டதால் அடுத்தது கஷ்டமானது. வாராக் கடன் எல்லாம் வாராக் கடனாகப் பிறப்பதில்லையே, அந்தக் கதைதான். இன்னொன்றும் தெரிந்தது. பையன்களோடு பந்தயம் ஆடின நாட்களில் நான் கற்றது ஏறக்குறைய பூஜ்யம். தனியாக ஆடின நாட்களில்தான் நோட்டு நிறைந்தது. நாலாவது மாதம் பூல் மேஜையில் ஐந்து பந்து தொடர்ந்து போட்டேன். "அங்கிள்" என்பது "சார்" ஆனது. அதற்கு மேல் நான் பெரிதாகத் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னூக்கரில் என் அதிகபட்ச பிரேக் 23.

அடுத்த வருடம் பார்லர் முதலாளி கடையை மூடப்போவதாகச் சொன்னார். மொபைல் ஷோரூம்காரர்கள் நல்ல வாடகை தருகிறார்களாம். பூல் மேஜைகளை வேறு ஊர்க்காரர் பேசி முடித்துவிட்டார். பெரிய மேஜையை யாரும் சீந்தவில்லை. ஐந்து பாளமாக ஸ்லேட், மொத்தம் ஒரு டன்னுக்கு மேல் எடை, கழற்றி மாட்டத் தனி ஆள் வேண்டும். சாச்சா ஒரு நாள் காலை கிளைக்கே வந்துவிட்டார். அதுவரை நான் அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. சலவைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த மேஜையை வாங்கி, தங்கை வீட்டு முன்கூடத்தில் போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். ஒன்றரை லட்சம்.

உறையில் ஆதார், ரேஷன் கார்டு, முதலாளி கையால் எழுதிக் கொடுத்த ஒரு சம்பளச் சீட்டு. வயது அறுபத்தெட்டு. சிறுகடன் திட்டத்தில் எங்கள் வங்கி வைத்திருந்த வயது வரம்பைத் தாண்டியாகிவிட்டது. பேரனைச் சேர்த்துப் போடலாம் என்றேன். பேரன் புனேயில் டெலிவரி வேலையில் இருந்தான், எனக்கு வேண்டாம் இந்தக் கடன் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டான். மேலதிகாரிக்கு ஒரு வார்த்தை எழுதிப் பார்த்திருக்கலாம். எழுதவில்லை. அந்த மாதம் ஆடிட் நடந்துகொண்டிருந்தது. கியூ பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதற்காகப் போட்டேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. "முடியாது சாச்சா" என்றேன். அவர் கோபப்படவில்லை. உறையை மடித்துக்கொண்டு, கவுன்டரில் கிடந்த சங்கிலி கட்டிய பேனாவை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

மேஜையைக் கடைசியில் எடைக்குப் போட்டார்கள். ஸ்லேட்டில் ஒன்று யார் வீட்டு வாசற்படியிலோ இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முதலாளியிடம் ஐநூறு ரூபாய் கொடுத்து அங்கிருந்த கியூ ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது ராய்ப்பூரில் இருக்கிறேன். மகள் காலேஜ் போய்விட்டாள். இங்கே வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டரில் ஒரு பார்லர், ஏ.சி., மார்க்கர் கிடையாது, ஸ்கோரை ஒரு டிவி சொல்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாச்சாவுக்கு ஃபோன் போட்டேன். இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகத் தெரிகிறதாம். குடும்பம், மழை எல்லாம் விசாரித்துவிட்டு, "டிப் மாற்றினீர்களா, மேனேஜர் சாப்?" என்றார்.

இல்லை, இன்னும் அதே டிப்தான் என்றேன்.

"அதான் ஒரு வருடம் ஆச்சே. தோல் கல்லாகிப் போயிருக்கும். நாளைக்கே மாற்றுங்கள்," என்று சொல்லி வைத்துவிட்டார்.